யாழினியின் சனிக்கிழமை வாந்தியும் என் ஒன்பது பக்க அறிக்கையும்

நான் பணியில் இருந்த காலத்தில் எழுதிய அறிக்கைகளிலேயே அழகானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். ஒன்பது பக்கம். எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. வாக்கியங்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். என்னோடு வேலை பார்த்த சமூகப் பணியாளர் ஜமீலா அதைப் படித்துவிட்டு, "கத மாதிரி இருக்கு சார்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பேனாவை மூடினேன்.

அந்த அறிக்கையில் இருந்த ஒரே குறை, அதில் சொல்லியிருந்தது தவறு என்பதுதான்.

குழந்தைகள் மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேசும்படி என்னைக் கேட்டவர்கள், நான் சாதித்த விஷயங்களைச் சொன்னால் உங்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார்கள். என் சாதனைகளைப் பிரிவு உபசார விழாவில் மற்றவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். அதில் பாதி எனக்கே அன்றுதான் தெரியும். அதனால் இந்தக் கதையைச் சொல்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் செய்த தப்பு என்று நினைத்துக் கேட்காதீர்கள். அப்போது நான் ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி. புதியவர்களுக்குப் பயம் இருக்கும், அதனால் கேள்வி கேட்பார்கள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

யாழினிக்கு ஒன்பது வயது. அம்மா சுமதி, மேல்பட்டாம்பாக்கத்தில் தன் பெற்றோர் வீட்டில் மகளோடு இருந்தார். ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அப்பா குமரேசனுக்குச் சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை. பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடிதடி, குடி என்று ஒன்றும் இல்லை. ஒருவர் பேச்சை ஒருவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். விவாகரத்து வழக்கு கடலூரில் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை சுமதி மகளைப் பஸ்ஸில் சிதம்பரம் அழைத்துப் போய், பேருந்து நிலையத்தில் குமரேசனிடம் ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் கொண்டுவந்து விட வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஆனால் சிதம்பரத்தில் இறங்கியதும் யாழினி வாந்தி எடுப்பாள். ஒருமுறை இருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும். சில தடவை சுமதி பயந்துபோய் அப்படியே திருப்பி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

'அப்பாவைப் பார்த்தாலே குழந்தை நடுங்குகிறாள், சந்திப்பை நிறுத்த வேண்டும்' என்று அம்மா தரப்பு மனு போட்டது. 'அம்மா குழந்தை மனதைக் கெடுக்கிறாள், குழந்தையை என்னிடமே கொடுங்கள்' என்று அப்பா தரப்பு மனு போட்டது. நீதிபதி குழந்தையை என்னிடம் அனுப்பினார்.

யாழினி முதல் நாள் இரட்டைப் பின்னலோடு வந்து நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்தாள். நான் முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "இங்க நீ சொல்றது நமக்குள்ளயே இருக்கும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். நீதிமன்றம் அனுப்பிய குழந்தையிடம் ஒருக்காலும் சொல்லக்கூடாத வாக்கியம் இது. அவள் சொல்வதை நீதிபதியிடம் சொல்லத்தானே என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்! மற்ற குழந்தைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், வாயில் தானாக வந்துவிட்டது.

"அப்பா வீட்டுக்குப் போனா என்னம்மா பண்ணுவ?"

"கடையில இருப்பேன்."

"கடை எப்படி இருக்கும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருட்டா இருக்கும்."

என் பேனா ஓடியது. அப்பா என்றதும் குழந்தைக்கு இருட்டு நினைவுக்கு வருகிறது! 'அந்த இருட்டு உனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இரண்டு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

அவளை மூன்று முறை பார்த்தேன். சுமதியை இரண்டு முறை பார்த்தேன். "போவும்போதுதான் சார் வாந்தி. ஞாயித்துக்கெழம திரும்பி வரும்போது ஒண்ணுமே இருக்காது, நல்லா சிரிச்சிக்கிட்டு வருவா" என்று சுமதி சொன்னார். எனக்கு வேறென்ன வேண்டும்? அப்பாவிடம் போகும்போது வாந்தி, அம்மாவிடம் வரும்போது சிரிப்பு. அதற்கு ஒரு தனித் தலைப்பே கொடுத்தேன்.

குமரேசனை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். பத்துக்கு வரவில்லை, பதினொன்றுக்கும் வரவில்லை. ஒன்றரை மணிக்கு நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் ஜமீலா கதவருகே வந்தார்.

"சார், யாழினி அப்பா வந்திருக்காரு. கடையப் பாத்துக்கிற ஆளு லேட்டா வந்தாராம்."

"பத்து மணிக்கு வரச் சொன்னா ஒன்றரைக்கு வந்தா என்ன அர்த்தம்? அடுத்த வாரம் வரச் சொல்லு."

"சிதம்பரத்துலேந்து வந்திருக்காரு சார். ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டீங்கன்னா..."

"மனுஷன் சாப்புட வேணாமா?"

ஜமீலா நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் 'அடுத்த வாரம்' என்று கிறுக்கிக் கொடுத்தேன். அன்று வீட்டிலிருந்து வந்தது வஞ்சிரக் குழம்பு. அடுத்த வாரம் குமரேசன் வரவில்லை. அறிக்கையின் ஏழாம் பக்கத்தில், 'தந்தை மதிப்பீட்டுக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். "அவரு வந்தாரே சார்" என்று ஜமீலா ஒருமுறை சொன்னார். "வர வேண்டிய நேரத்தில் வரவில்லை" என்றேன். சந்திப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது நல்லது என்று முடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அறிக்கை, முகத்தில் நிறைந்த அனுபவம். குடும்ப வழக்கு என்பதால் அறையில் கூட்டம் இல்லை. நீதிபதி, வக்கீல்கள், ஒரு மூலையில் குமரேசன், எதிர் மூலையில் சுமதி. குமரேசனின் வக்கீல் மிகவும் சின்னப் பெண். என் மகள் வயதுகூட இருக்காது. இவர் என்ன கேட்டுவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"டாக்டர், யாழினியோட அப்பாவ நீங்க விசாரிச்சீங்களா?"

"அழைத்திருந்தோம். அவர் ஒத்துழைக்கவில்லை."

"வரவே இல்லையா?"

"வரவில்லை."

அவர் வழக்குக் காகிதங்களிலிருந்து ஒரு சின்னச் சீட்டை உருவி என் கையில் கொடுத்தார். "இது உங்க ஆஸ்பத்திரி சீட்டுதானே? தேதியப் படிங்க." படித்தேன். "பின்னாடி ஒண்ணு எழுதியிருக்கு. அதையும் படிங்க."

என் கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது என்று மருந்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அன்று பார்த்து நன்றாகப் படிக்க முடிந்தது. "அடுத்த வாரம்" என்று படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

நீதிபதி குனிந்து என்னைப் பார்த்தார். "டாக்டர், இந்தப் பொண்ணும் அப்பாவும் ஒண்ணா இருக்கறத ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

"இல்லை மேடம்."

"வாந்தி எடுக்கறதப் பாத்தீங்களா?"

"இல்லை மேடம்."

"திரும்பி வரும்போது வாந்தி வர்றதில்லன்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கீங்க. பொண்ணு எதுல திரும்பி வருவா?"

"பஸ்ஸில்தான்..." என்று இழுத்தேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

மூலையிலிருந்து குமரேசன் எழுந்து நின்றார். "பைக்ல கொண்டாந்து விடுவேங்கம்மா. நெல்லிக்குப்பம் வழியா."

எதிரில் சுமதி மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. போகும்போது பஸ், வரும்போது பைக். முப்பது வருட அனுபவம் உள்ள மருத்துவர் ஒன்பது பக்கத்தில் கண்டுபிடிக்காததை நீதிபதி ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.

"மூணு வாரம் டைம் தர்றேன். முழுசாப் பாத்துட்டு வாங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே வராந்தாவில் நின்று, உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து வழக்கை வேறொரு மருத்துவருக்குத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். அதற்கு வேண்டிய வாக்கியங்கள்கூட மனதில் அழகாக வந்து நின்றன. என்னோடு வந்து வெளியே காத்திருந்த ஜமீலாவிடம் சொன்னேன்.

"நீங்க போயிடலாம் சார். அந்தப் பொண்ணு மறுபடி மொதல்லேந்து எல்லாத்தையும் இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்" என்றார். லால்பேட்டைக்காரர், குரலை உயர்த்தாமலே ஆளை நிற்க வைத்துவிடுவார்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த குமரேசனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "அன்னிக்கு உங்களத் திருப்பி அனுப்பினது என் தப்பு. நீங்க வரலன்னு எழுதினது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன்.

"பரவால்ல சார்" என்றார் அவர். "நீங்க சாப்புட்டுக்கிட்டு இருந்தீங்க. கதவு தொறந்துதான் இருந்துச்சு." குத்திக்காட்டும் குரல் இல்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை. சொன்னபடி அடுத்த வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "வந்தா மறுபடியும் தொரத்திடுவீங்களோன்னு இருந்துச்சு சார்" என்றார்.

அந்த வாரம் யாழினி வந்தாள். அதே நாற்காலி, அதே தொங்கும் கால்கள். ஆனால் வாய் திறக்கவில்லை. கலர் பென்சில் கொடுத்தேன், தொடவில்லை. கடைசியில், "ஏம்மா பேச மாட்டேங்கற?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதிடுவீங்க."

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "அப்பா கட இருட்டா இருக்கும்னு எழுதிட்டீங்கல்ல? அப்பா என்னக் கேட்டாரு. கட இருட்டா இருக்குன்னு சொன்னியா பாப்பான்னு. இப்ப ரெண்டு டியூப்லைட்டு மாட்டிட்டாரு."

"அது நல்லதுதானே?"

"நான்தான் அவருக்கு லைட்டு புடிப்பேன். ஃபோனப் பிரிச்சி உள்ள பாக்கும்போது டார்ச்ச நான்தான் புடிக்கணும். இப்ப வேணாமாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழவில்லை. அந்தக் கடையில் ஒரு குழந்தைக்கு ஒரு வேலை இருந்தது. அப்பாவுக்கு உதவியாகக் கையில் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. அதை நான் பறித்துவிட்டேன். நம் அறிக்கை நீதிமன்றக் காகிதக் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். அது வீடுகளுக்குள் போகிறது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னது பொய்யாப் போயிடுச்சு. ஜட்ஜம்மாவுக்கு நான் எழுதித்தான் ஆவணும். அத மொத நாளே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்மேலதான்" என்றேன்.

"ம்" என்றாள். அன்று அவ்வளவுதான் கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை நானும் அவர்களோடு சிதம்பரம் வருவதாகச் சுமதியிடமும் குமரேசனிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். காலையில் கடலூர் பேருந்து நிலையத்தில் ஜமீலாவும் நானும் காத்திருந்தோம். வேலையை முழுமையாகச் செய்யப் போகிறோம் என்ற உற்சாகத்தில் நான் பக்கத்து ஓட்டலில் மூன்று பூரியும் ஒரு வடையும் சாப்பிட்டிருந்தேன். சுமதியும் யாழினியும் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நால்வரும் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம். யாழினிக்கு எதிர்ப்பக்க இருக்கையில் நான் நோட்டோடு உட்கார்ந்தேன். வழியில் எந்த ஊர் வரும்போது குழந்தையின் முகத்தில் பயம் தோன்றுகிறது என்று குறிக்கத் திட்டம்.

சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. பஸ் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறியது. முன்னால் போன லாரியின் புகை முழுவதும் உள்ளே வந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்போது நோட்டில் 'முகம் வாடுகிறது' என்று எழுதினேன். புதுச்சத்திரத்தில் நோட்டை மூடினேன். அதற்குமேல் குனிந்து எழுத என்னால் முடியவில்லை. நெற்றியில் வேர்த்தது. அடிவயிற்றிலிருந்து பூரி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் அந்தப் பக்கமாக வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், ஜன்னலோரம் போயிடுங்க" என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் திணித்தார். யாழினி எட்டி என்னைப் பார்த்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. ஆனாலும் அதில் ஒரு ஆர்வம் தெரிந்தது.

சிதம்பரத்தில் பஸ் நின்றதும் அவள் ஒரு பக்கம் ஓடினாள், நான் ஒரு பக்கம் ஓடினேன். இருவரும் ஒரே சாக்கடையோரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

குழந்தையின் அச்சத்தை நேரில் கவனிக்க வந்த நிபுணர் குனிந்து நின்ற நிலையில் கவனித்தது இதுதான். குமரேசன் ஏற்கெனவே மூடி திறந்த தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். ஓடிவந்து மகளின் பின்னல் இரண்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். சுமதி அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டார்.

"காலையில என்ன குடுத்த?" என்றார் குமரேசன்.

"பொங்கலு."

"பஸ்ல வர்றப்ப பொங்கலா?"

"வெறும் வயித்தோட அனுப்பினா உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி வுடு. அந்தத் துண்டக் குடு."

"அழுத்தித் தொடைக்காதீங்க. மூஞ்சி செவந்துடும்."

"சோடா வாங்கியாரட்டா?"

"எலுமிச்சம்பழம் போட்டு வாங்கியாங்க. உப்பு ஜாஸ்தி போட வேணாம்."

வக்கீல் நோட்டீஸ் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளாத இரண்டு பேர். நடுவில் யாழினி இருவர் மேலும் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

சுமதி என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா சார், எப்படி..." என்று ஆரம்பித்தார். நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "அய்யோ, உங்களுக்குமா சார்?"

ஜமீலா தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அவர் காலையில் ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டவர்.

அரைமணி நேரம் கழித்துச் சுமதி ஊருக்குத் திரும்ப, நாங்கள் குமரேசனின் கடைக்குப் போனோம். நாலடி அகலத்தில் சந்து போல ஒரு கடை. மேலே இரண்டு டியூப்லைட். யாழினி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, என்னையே பார்த்தாள்.

"பெரியவங்களுக்குக்கூட வாந்தி வருமா?"

"வருது, என்ன பண்றது?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்பது பக்கம் எழுதி இழந்த மரியாதை, மூன்று பூரியால் கொஞ்சம் திரும்பி வந்தது. குமரேசனும் ஜமீலாவும் கடை வாசலில் இருந்தார்கள். நான் முதலில் சொல்ல வேண்டியதை இந்த முறை முதலிலேயே சொன்னேன். "நீ சொல்றதுல முக்கியமானத ஜட்ஜம்மாகிட்ட சொல்லுவேன். எதச் சொல்லப் போறேன்னு உன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். புடிக்கலன்னா பேச வேணாம்."

கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ல டீசல் நாத்தம். அதான் வருது" என்றாள். பிறகு குரலை இறக்கி, "ஆனா வாந்தி எடுத்தா ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. அது நல்லா இருக்கும்" என்றாள்.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்த நொடியில் என் மூளைக்குள் அடுத்த அறிக்கையின் முதல் பத்தி ஓட ஆரம்பித்துவிட்டது. பெற்றோரைச் சேர்த்து வைக்க உடம்பைப் பயன்படுத்தும் குழந்தை! என்ன அருமையான கருத்து! இன்னொரு ஒன்பது பக்கம் எழுதலாம். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அப்பா வக்கீலும், குழந்தை எவ்வளவு ஏங்கிப் போயிருக்கிறாள் பாருங்கள் என்று அம்மா வக்கீலும் பிய்த்து எடுத்திருப்பார்கள். நல்லவேளை, வயிறு இன்னும் சரியாகாததால் புத்தி அடக்கமாக இருந்தது.

"நான் வாந்தி எடுக்கலன்னா அவுங்க எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்டாள்.

"தெரியல. அவுங்ககிட்டயே கேக்கலாமா?" என்றேன்.

"கேட்டா சேந்துடுவாங்களா?"

ஆமாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, பார்க்கலாம் என்று மழுப்பவும் மனம் வரவில்லை. முதல் நாள் சொன்ன ஒரு பொய்க்கே இவ்வளவு ஆகியிருந்தது. "இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சு சேர மாட்டாங்க" என்றேன்.

"தெரியும்" என்றாள். ஸ்டூலின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நானும் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் நான் ஒன்றுமே செய்யவில்லை. என் பணிக்காலத்தில் ஒழுங்காகச் செய்த வேலைகளில் அதுவும் ஒன்று என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அவளே தீர்த்துச் சொன்னாள். "பஸ்ஸு புடிக்கல, ட்ரெயின்ல வர்றேன்னு எழுதுங்க. எங்க ஊர்லயே ஸ்டேஷன் இருக்கு. அவுங்க பேசிக்கிறது எனக்குப் புடிக்கும்னு ஒரே ஒரு லைன் எழுதுங்க. நான் வாந்திக்கு நடுவுல அதப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு எழுத வேணாம். அத நீங்க அவுங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க."

எது வழக்குக் கட்டுக்குள் போக வேண்டும், எது போக வேண்டாம் என்று இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னவர் அதற்குமுன் யாரும் இல்லை.

அடுத்த வாரம் சுமதியையும் குமரேசனையும் ஒரே நேரத்தில் என் அறையில் உட்கார வைத்தேன். யாழினி வெளியே ஜமீலாவோடு இருந்தாள். வந்ததும் பொங்கலில் தொடங்கிப் பழைய கதைக்குப் போனார்கள். "ஒரே ஒரு கேள்வி. உங்க பொண்ணு கேக்கச் சொன்னா" என்று நிறுத்தினேன். "நான் வாந்தி எடுக்கலன்னா அவுங்க எப்படிப் பேசுவாங்கன்னு கேட்டா."

இருவரும் முதலில் என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். சுமதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். குமரேசன், விரலில் பழைய சூட்டுக்காயங்கள் இருந்த கையை மடக்கி மடக்கி விரித்தார்.

"நான் என்னா நெனச்சேன்..." என்று ஆரம்பித்தவருக்கு மேலே வரவில்லை.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் சுமதி.

என்ன நினைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுக்குப் புரிந்தது போதும். ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது பத்து நிமிடம் மூவரும் ஒரே பெஞ்சில் உட்காருவது, அந்தப் பத்து நிமிடத்தில் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவர்களே முடிவு செய்தார்கள். வாசல் வரை போன குமரேசன் திரும்பி வந்து, "சார், அந்த டியூப்லைட்ட..." என்றார். "கழட்டிடுங்க" என்றேன்.

இரண்டாவது அறிக்கை இரண்டரைப் பக்கம். 'என் முதல் அறிக்கையில் தந்தையைப் பற்றி எழுதியவை தவறு. அவரைப் பார்க்காமல் எழுதினேன். அவர் வந்தபோது திருப்பி அனுப்பியது நான்தான்' என்பது அதன் முதல் பத்தி. அந்த மூன்று வரியை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அடித்துத் திருத்தி, 'சூழ்நிலை காரணமாக' என்று இரண்டு சொல்லை நடுவில் செருகிப் பார்த்தேன். ஜமீலா எட்டிப் பார்த்து, "சூழ்நிலைன்னா மீன் கொழம்பா சார்?" என்றார். எடுத்துவிட்டேன். நீதிமன்றத்தில் அந்தச் சின்ன வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், பத்தியைப் படித்தார், உட்கார்ந்துவிட்டார். சந்திப்பு தொடரட்டும், பயணம் ரயிலில் இருக்கட்டும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். குழந்தை அம்மாவிடமே இருந்தாள். விவாகரத்து பின்னால் கிடைத்தது. அவர்கள் சேரவில்லை.

ரயிலில் போன முதல் சனிக்கிழமை முற்பகல் சுமதி போன் செய்தார். குரல் படபடவென்று இருந்தது.

"சார், வாந்தி எடுக்கல. ஆனா ஒரு தப்பு நடந்துபோச்சு. பிளாட்பாரத்துல எங்களுக்குள்ள சண்ட வந்துடுச்சு."

"எதுக்கும்மா?"

"அவ தலைமுடிய வெட்டலாமா வேணாமான்னு. நானும் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். இத கோர்ட்டுல சொல்லணுமா சார்?"

"அதெல்லாம் வேணாம். யாழினி என்ன பண்ணா?"

"அவ பாட்டுக்கு போண்டா தின்னுக்கிட்டு எங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. நாங்க நிறுத்தினதும், இன்னொரு போண்டா வேணும்னா. அவுங்க அப்பா வாங்கிக் குடுத்தாரு. அதத் தின்னுட்டு எனக்கு டாட்டா காட்டிட்டுப் போயிட்டா."

போனை வைத்துவிட்டு அவளுடைய காகிதக் கட்டை எடுத்துப் பிரித்தேன். பழக்கம், கை தானாகப் பேனாவைத் தேடியது. பெற்றோர் சண்டையிடும்போது குழந்தை இரண்டாவது போண்டா கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அவளுக்குப் பசித்திருக்கிறது. அந்த முடிவுக்கு வர எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.